அப்பாவின் பழைய கம்ப்யூட்டர்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, தங்கவயலில் இருந்து அப்பா போன். "டேய், கம்ப்யூட்டர்ல வருஷம் 2013னு காட்டுது. பேங்க் சைட் திறக்க மாட்டேங்குது."

தேதி பின்னால் போவது மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்ததால். சில்லறைச் செலவு. ஆனால் தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் அண்ணன் மகன் விடவில்லை. "சித்தப்பா, மொத்தமா மாத்திடலாம்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அப்பாவுடையது மூன்றாம் தலைமுறை ஐ3!

துபாயில் உட்கார்ந்துகொண்டு பேங்க்காரன் புத்தியில் கணக்குப் போட்டேன். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40%. 30,000 ரூபாய்ப் பெட்டி மூன்றே வருஷத்தில் 6,480 ஆகிவிடும். இதற்கு வயது பன்னிரண்டுக்கு மேல். புத்தக மதிப்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. புதுசு வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்றேன்.

அப்பாவுக்குக் கோபம். சாம்பியன் ரீஃபில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். (சிவசமுத்திரத்தில் இருந்து தங்கவயலுக்குக் கரண்ட் வந்தது 1902இல், பெங்களூருக்கு 1905இல்தான். இதை மாதம் ஒருமுறையாவது சொல்வார்.) "மோட்டார் போச்சுன்னா காயில் கட்டுவோம்டா. மோட்டாரையே தூக்கிப் போடுவோமா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்களே, அதற்குப் பிறகு பாக்கிப் பணம், குவார்ட்டர்ஸ் என்று தனக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் அவர் டைப் செய்து கொடுத்த மனுக்கள் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான். அதில் சிலர் இன்று உயிரோடு இல்லை. வேறெங்கும் நகல் கிடையாது. டிஸ்க்கோ கொஞ்ச நாளாக 'டக் டக்' என்கிறதாம்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெட்டியை மாற்றுவதா வேண்டாமா என்று நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தோம், போகக்கூடியது அதற்குள் இருந்தது.

அன்றைக்கே அண்ணன் மகனை உட்காரவைத்து இரண்டு பென்டிரைவில் நகல் எடுக்கச் சொன்னேன். இரண்டு ஃபைல் திறக்கவில்லை, மற்றதெல்லாம் கிடைத்தது. மறுநாள் எஸ்.பி. ரோட்டில் எஸ்எஸ்டி வாங்கி வந்தான். அதில் லினக்ஸ் போட்டு, லிபர் ஆபீஸும் தமிழ் கீபோர்டும் வைத்துக் கொடுத்தான். மூன்றாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

அந்தப் பழைய டிஸ்க்கை அப்பா குப்பையில் போட விடவில்லை. வி.ஆர்.எஸ். பேப்பர் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறாராம்.