இரண்டாவது தோட்டா

துப்பாக்கியைப் பற்றி எழுத நேரும் என்று நாங்கள் எண்ணியதில்லை. கணவனும் மனைவியுமாக இருவருமே கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். இருபது ஆண்டுகளாகச் சங்கப் பாடல்களின் வேட்டுவர்களுக்கு உரை சொல்லியே காலம் கழித்திருக்கிறோம். உயிருள்ள வேட்டுவர் ஒருவரைக் கண்டதில்லை. கண்டது 2023 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், தங்கை குடும்பத்தோடு ஒரு மாதம் தங்கியிருந்தபோது.

நியூயார்க் என்றதும் நமக்கு வானுயர்ந்த கட்டடங்களே நினைவுக்கு வரும். ஆனால் அதே மாநிலத்தில்தான் ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் பரப்புள்ள அடிராண்டாக் மலைக்காடு இருக்கிறது. அதன் அடிவாரத்துச் சிற்றூர்களில் இலையுதிர் காலம் மான் வேட்டைக் காலமும்கூட. தங்கையின் அண்டை வீட்டுப் பெரியவர், எழுபதைக் கடந்தவர், வாழ்நாளெல்லாம் லேத் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மாலை நடையில் அவர் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் கார் கொட்டகையில் விளக்கெரியும். ஒருநாள் உள்ளே அழைத்தார். மேசைமேல் விரித்த பழந்துணியில், பிரித்துப் போட்ட ஒரு துப்பாக்கி கிடந்தது.

அது அவருடைய தந்தையார் 1960களில் வாங்கியது. அரைத் தானியங்கி வகை. குண்டை உந்தும் வாயுவில் ஒரு சிறு பங்கு குழலின் அடியிலுள்ள துளை வழியே வெளியேறி, போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். தள்ளிய வேகத்தில் வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் போல்ட்டை முன்னே கொணர, அடுத்த தோட்டா தானே குழலில் ஏறும். விரலுக்கு வேலை விசையை இழுப்பது மட்டும். வேட்டைக்காரனுக்கு விரைவான இரண்டாவது வாய்ப்பு என்பதுதான் அந்தத் துப்பாக்கியின் வாக்குறுதி.

அந்த வாக்குறுதி பொய்த்ததைப் பெரியவர் மெல்லச் சொன்னார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் காலை, பன்னிரண்டு வயதுப் பேத்தியை வேடிக்கை பார்க்க உடன் அழைத்துப் போயிருக்கிறார். முதல் குண்டு மானின் பின்பகுதியில் பட்டது. தடுமாறி நின்ற மானை நோக்கி மீண்டும் விசையை இழுத்தார். துப்பாக்கி பேசவில்லை. வெற்றுக்கூடு பாதி வெளியேறிய நிலையில் சிக்கிக்கொண்டிருந்தது. அதை அவர் நெம்பி எடுப்பதற்குள் மான் மரங்களுக்குள் மறைந்தது. இருட்டும்வரை இரத்தத் துளிகளைத் தொடர்ந்தார்கள். ஓர் ஓடைக் கரையோடு தடம் நின்றுபோயிற்று. வீடு திரும்பும் வழியில் பேத்தி கேட்டாளாம்: "தாத்தா, அது இப்போது செத்திருக்குமா, இல்லை வலியோடு படுத்திருக்குமா?"

"அதற்குப் பிறகு நான் காட்டுக்குப் போகவில்லை" என்றார். அதைச் சொன்னபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடியே இருந்தார்.

இப்போது பேத்திக்குப் பதினாறு. இந்த ஆண்டு தானும் வருவேன் என்கிறாள். முப்பாட்டனாரின் துப்பாக்கியே வேண்டும் என்கிறாள். அதனால்தான் இந்தப் பணி. நோய் என்னவென்று முன்பே கண்டறிந்திருந்தார். தோட்டா அமரும் அறையில் பழந்துரு சொரசொரப்பாகப் படிந்திருந்தது. சுட்ட கணத்தில் பித்தளைக்கூடு விரிந்து அந்தச் சுவரைப் பற்றிக்கொள்ளும். அதன் பிடி தளர்வதற்குள் வாயு போல்ட்டை வெடுக்கென்று இழுக்கிறது; கூடு வர மறுக்கிறது. போதாததற்கு, போல்ட் ஓடும் தடத்திலும் பல்லாண்டு மோதலால் வெட்டுகள் விழுந்திருந்தன. துருவைத் தேய்த்து எடுக்கலாம். தடமோ துப்பாக்கியின் உடற்கூட்டிலேயே அமைந்தது, மாற்ற வழியில்லை.

அவர் கண்ட தீர்வு எங்களுக்கு வியப்பளித்தது. பழுதுபட்ட தானியக்கத்தைச் சீராக்க அவர் முயலவில்லை, அதையே நீக்கிவிட்டார். போல்ட்டைப் பூட்டும் பற்கள் உறுதியாக உள்ளனவா என்பதை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டித் தெளிந்தபின், வாயு செல்லும் துளையை அடைத்தார். போல்ட்டின் வலப்புறக் கைப்பிடிக்கு, பேத்தியின் விரல்களுக்கு ஏற்ற ஒரு குமிழைக் கடைந்தார். இனி ஒவ்வொரு முறையும் கையால் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். கை இழுக்கும்போது அழுத்தம் தணிந்திருக்கும். கூடு பிடி தளர்ந்து எளிதில் வரும். மெதுவாக நகரும் போல்ட் தடத்தின் வடுவை ஆழமாக்காது.

இது புதுமையும் அன்று என்றார். மெக்சிகோவின் மொண்ட்ராகோன், சுவிட்சர்லாந்தில் செய்வித்த தம் 1908ஆம் ஆண்டுத் துப்பாக்கியில், வாயுவை நிறுத்திக் கையால் இயக்க ஒரு திருகையே வைத்திருந்தாராம். பிரெஞ்சுப் படையின் 1917ஆம் ஆண்டு அரைத் தானியங்கிகள் பலவற்றின் வாயுத் துளையும் 1930களில் அடைக்கப்பட்டதாம். அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் வேட்டை வாரியம், 2017இல் சிறு விலங்குகளுக்கு அரைத் தானியங்கியை அனுமதித்தபோதும் மானுக்கு அனுமதிக்கவில்லை. அங்கே கையால் முன்னும் பின்னும் தள்ளி இயக்கும் துப்பாக்கிக்கு, இயந்திரங்களை விலக்கி வாழும் அமிஷ் மக்களின் பெயரால் 'அமிஷ் இயந்திரத் துப்பாக்கி' என்றொரு கேலிப்பெயர் உண்டு. சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நாங்கள் வல்வில் ஓரியைப் பற்றிச் சொன்னோம். யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்கிய அவனுடைய ஓர் அம்பைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடியிருப்பதை எங்களால் இயன்ற ஆங்கிலத்தில் விளக்கினோம். கவனமாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஆளுக்கு இரண்டாவது அம்பு தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டதே!" என்றார்.

எங்களுக்கு ஓர் ஐயம் இருந்தது. கையால் இழுப்பதென்றால் இரண்டாவது தோட்டா தாமதமாகும் அல்லவா? முதல் குண்டு மீண்டும் பிழைத்தால், காயம்பட்ட மானுக்கு அந்தத் தாமதம் கொடுமைதானே? கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தயங்கினோம். அவர் நெடுநேரம் குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம், தாமதமாகும். ஆனால் எவ்வளவு தாமதம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு முதல் தோட்டாவைச் சுடுவாள். அன்று நான் சுட்டபோது என் மனத்தில் இரண்டாவது தோட்டா இருந்தது. அதனால்தான் முதலாவதை அவசரமாக விட்டேன். சிக்கியது துப்பாக்கியின் பிழை. அவசரம் என் பிழை."

அந்த ஞாயிற்றுக்கிழமை சுடுகளத்தில் தாத்தாவும் பேத்தியும் இருபது தோட்டாக்களைச் சுட்டார்கள். நாங்கள் காதடைப்பான்களை அணிந்து வேலிக்கு அப்பால் நின்றோம். சுடுவாள், மூச்சு விடுவாள், குமிழை இழுப்பாள், கூடு காலடியில் விழும், மீண்டும் குறி பார்ப்பாள். ஒன்றும் சிக்கவில்லை. வெற்றுக்கூடுகளைப் பொறுக்கி எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வேட்டையை நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோமா என்றால், இல்லை. புலால் உண்ணாத வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். எனினும் கொல்லும் கருவியொன்றின் வேகத்தைக் குறைக்க ஒரு முதியவர் மூன்று மாலைப்பொழுதுகளைச் செலவிட்டதைப் பார்த்தபின், வேட்டுவரைப் பற்றி வகுப்பில் முன்போல் மளமளவென்று பேச முடிவதில்லை.

நவம்பர் இறுதியில், நாங்கள் ஊர் திரும்பியபின், தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. நான்கு நாள் காட்டில் இருந்தார்களாம். மூன்றாம் நாள் ஒரு கலைமான் தென்பட்டிருக்கிறது. மரக்கிளைகள் பாதி மறைத்திருந்தன. பேத்தி குறி வைத்தாள். சற்று நேரத்தில் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டாள். தாத்தா காரணம் கேட்கவில்லையாம்.