நான் வென்ற சொற்போர்

"இணையப் போக்கர் விளையாட்டைச் சட்டபூர்வமாக்கி ஒழுங்குபடுத்த வேண்டும்." சொற்போருக்குக் கிடைத்த தலைப்பு இது. குலுக்கலில் எங்கள் அணிக்கு ஆதரவுத் தரப்பு விழுந்தது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன் நான். சூது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது திருக்குறளின் 94ஆம் அதிகாரமும் நாட்டை இழந்த தருமனும்தான். இடைநிலைப்பள்ளியில் நன்னெறிக் கல்விப் பாடத்திலும் சூது தீயது என்றே எழுதிப் புள்ளி வாங்கினேன். இப்போது அதற்கே வக்காலத்தா என்று நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், என் அண்ணன்.

அண்ணன் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் போக்கர் ஆடத் தொடங்கினார். முதல் மாதம் வென்ற பணத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்கித் தந்தார். ஓராண்டுக்குள் மோட்டார் சைக்கிள் போனது. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஒருமுறை அவர் வென்ற பெரிய தொகையை அந்தத் தளம் தரவே இல்லை. கடைசியில் ஆலோங் ஆட்கள் எங்கள் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

"போலீசுக்குப் போகலாம்ணே" என்றேன்.

"போனா முதல்ல என்னையத்தான்டா பிடிப்பாங்க."

சொற்போருக்காக நூலகத்தில் தேடியபோதுதான் அந்தப் பயத்தின் காரணம் புரிந்தது. நம் நாட்டின் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம், ஆடுபவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. இணையம் பிறக்காத காலத்துச் சட்டம் அது. அதே நாட்டில்தான் கெந்திங் மலையில் உரிமத்துடன் சூதாட்ட மையமும் ஊர்களில் நம்பர் கடைகளும் நடக்கின்றன.

சிங்கப்பூரைப் பார்த்தேன். 2022 ஆகஸ்டு 1 முதல் அங்கே குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் கூடிப் பந்தயம் வைத்து ஆடலாம். இணையத்தில் அப்படி ஆட அனுமதி இல்லை. சூதாட்ட மையத்திற்குள் நுழையக் குடிமக்கள் நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். குடும்பத்தாரே மனுச் செய்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழியுண்டு. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கும் அப்படி ஒரு மனு எழுத இடம் இருந்திருந்தால்?

சொற்போரில் எதிரணி வலுவாகவே பேசியது. "கட்டடத்திற்கு வாசல் உண்டு, காவலும் வைக்கலாம். கைப்பேசிக்கு வாசல் எங்கே? பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் இந்தியாவே சட்டமியற்றித் தடுத்துவிட்டதே!" என்றார்கள். போக்கர் திறமை விளையாட்டு என்று வாதாடினார் எங்கள் அணியின் முதல் பேச்சாளர். எனக்கு உறுத்தியது. அதில் திறமைசாலி வெல்வது அண்ணனைப் போன்றவர்கள் தோற்ற பணத்தைத்தான். யார் வென்றாலும் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

நான் திறமையைப் பற்றிப் பேசவில்லை. ஏமாந்தவன் புகார் செய்ய ஓர் இடம் வேண்டும் என்று மட்டும் பேசினேன். வென்றோம்.

கிண்ணத்தை வீட்டில் வைத்தபோது அம்மா கேட்டார்:

"நீ சொன்ன மாதிரி சட்டம் வந்திருந்தா அண்ணன் ஆடாம இருந்திருப்பானாய்யா?"

அண்ணன் தலை நிமிரவில்லை. நடுவர்கள் எவரும் கேட்காத கேள்வி அது. என்னிடமும் பதில் இல்லை.

அனுமதிப்பதா, தடுப்பதா? நண்பர்களே, அதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆனால், சிக்கிக்கொண்டவன் சிறைக்கு அஞ்சாமல் "என்னைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்ல முடிய வேண்டும். எந்தச் சட்டம் வந்தாலும் அதில் இந்த வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.