தண்ணியில கண்டம்

கோலாலம்பூர்க்காரர்கள் உலு யாமுக்கு வருவதே தண்ணீருக்காகத்தான். சனி, ஞாயிறு என்றால் சுங்கை செண்டாட் அருவிப் பக்கமும் சுங்கை துவா ஆற்றோரமும் கார் நிறுத்த இடமிருக்காது. பிரியாணிச் சட்டி, தர்ப்பூசணி, டயர் டியூப், பாட்டுப்பெட்டி எல்லாம் இறங்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கோ ஆறு என்பது தூரத்திலிருந்து பார்க்கிற பொருள். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் திரண்டு வரும். மலாயில் அதற்கு 'கெப்பாலா ஆயர்' என்று பெயர். தண்ணீரின் தலை. தோட்டத்து அம்மாக்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஆற்றுப் பக்கம் போனாயா என்று கேட்கமாட்டார்கள், நேராகத் தலைமயிரைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

வாத்துவின் அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. பிள்ளை பிறந்ததும் ஜாதகம் எழுதியவர், "இந்தப் புள்ளைக்குத் தண்ணியில கண்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை வயதுவரை என்று சொல்லவில்லை. அதனால் கண்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

வாத்து என்பது அவளுடைய பெயர் இல்லை. நடையைப் பார்த்து தமிழ்ப்பள்ளியில் வைத்தது. வாத்துக்கு நீச்சல் தெரியாது என்பது எங்கள் வகுப்பின் நிரந்தர நகைச்சுவை. யாருக்குத்தான் தெரிந்தது? 1025இல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் வென்றதைத் தமிழ்விழா மேடைகளில் ஆண்டுதோறும் கேட்டுக் கைதட்டினோம். எங்கள் தாத்தாக்கள் ரஜுலா கப்பலில் வந்த கதையையும் கேட்டோம். அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த இருநூறு பிள்ளைகளில் பத்துப் பேரால் ஒரு குளத்தின் குறுக்கே நீந்தியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

இருபத்தேழு வயதில், வேலை முடிந்தபிறகு, கோலாலம்பூரில் ஒரு நீச்சல் குளத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தோம். எங்களுக்குப் பக்கத்துப் பாதையில் ஆறு வயதுப் பிள்ளைகள் மீன் மாதிரிப் போய்வருவார்கள். அம்மாவிடம் வாத்து சொன்னது 'ஓவர்டைம்'. ஓராண்டில் நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் வந்துவிட்டது. ஸ்கூபா அடிப்படைப் பயிற்சிக்கு அதைத்தான் கேட்கிறார்கள். இந்த முறை அம்மாவிடம் 'கோர்ஸ்' என்றாள். பொய் இல்லையே.

பத்தாங் காலியில் கொமுட்டர் ஏறும்போதே பயணம் கோணிக்கொண்டது. ரயில் வரவில்லை. வந்ததும் ரவாங்கில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பண்டார் தாசேக் செலாத்தான் பேருந்து நிலையத்துக்குள் நாங்கள் பையோடு ஓடியதில் வாத்துவின் செருப்பு அறுந்தது. குவாலா பெசுட்டுக்கு இரவுப் பேருந்து. என் தலைக்கு மேல் ஏர்கோன் சொட்டிக்கொண்டே வந்தது. குவா மூசாங் தாண்டி எங்கோ ஒரு செம்பனைக் காட்டோரம் விடிகாலை மூன்று மணிக்கு டயர் வெடித்தது. டிரைவர் இறங்கி ஒரு சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு டயரைப் பார்த்தார். இரண்டாவது சிகரெட்டையும் பற்ற வைத்துக்கொண்டு பார்த்தார். பெர்ஹெந்தியான் என்றால் மலாயில் நிற்குமிடம், பஸ் ஸ்டாப்புக்கும் அதே சொல்தான். "தீவுக்குப் போவலடி, இதுதான் பெர்ஹெந்தியான்" என்று வாத்து சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

காலைப் படகு போய்விட்டது. அடுத்த படகில் முன்வரிசையில் உட்கார்ந்தது இன்னொரு வினை. அலைக்கு அலை படகு தூக்கிப் போட, முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகக் கழன்று கோத்துக்கொண்டது. ஆனால் பெர்ஹெந்தியான் கெச்சில் கரைக்குப் படகு திரும்பியபோது தண்ணீரின் நிறம் மாறியதே, அதைப் பார்த்ததும் இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

உண்மையான தடங்கல் ஒரு பாரத்தில் வந்தது.

முக்குளிப்பு நிலையத்தில் முதலில் கொடுப்பது மருத்துவப் பாரம். இதய நோய் உண்டா, காதில் அறுவை செய்ததுண்டா, வலிப்பு உண்டா. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. ஆஸ்துமா என்ற கேள்வியில் வாத்துவின் பேனா நின்றது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. புகைமூட்டம் வந்தால் இன்ஹேலர் வேண்டும். முகப்பிலிருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்: பெரும்பாலும் எல்லாரும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுவார்கள், 'ஆம்' போட்டால் பெருநிலத்துக்குப் போய் டாக்டர் கையெழுத்து வாங்கி வரவேண்டும்.

வாத்து காப்புறுதி அலுவலகத்தில் கிளேம் பாரங்களைச் சரிபார்க்கிறவள். அது மட்டும் காரணமில்லை. அவளுடைய தாத்தா இந்த நாட்டிலேயே பிறந்தும் கடைசிவரை சிவப்பு அடையாள அட்டையோடு இருந்து செத்தார். பிறப்புப் பதிவு இல்லை. பிறகு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் ஏதோ ஒரு கட்டத்தில் எதையோ போட்டுவிட்டார், அது ஒவ்வொரு முகப்பிலும் அவருக்கு முன்னால் போய் நின்றது. அந்த வீட்டில் பாரம் நிரப்புவது சாமி கும்பிடுவது மாதிரி. கையைக் கழுவிவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார்கள்.

"இழுப்பு இருக்குல்ல. இருக்குன்னுதான் போடணும்."

'ஆம்' கட்டத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான், அவளுடைய பயிற்சி அங்கேயே நின்றது.

அந்தக் கேள்வி அங்கே ஏன் இருக்கிறது என்பதைப் பிறகு வகுப்பில் படித்தேன். நீருக்கடியில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அதனால்தான் ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே. முக்குளிப்பு என்றாலே மூச்சடக்குவதுதான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது நேர்த் தலைகீழ். இளைப்பில் மூச்சுக்குழாய் சுருங்கினால் நுரையீரலின் ஏதோ ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே வர வர அது விரியும், வெளியே வர வழியிருக்காது, நுரையீரல் கிழியலாம். கடலுக்கு நம் ஜாதகம் தெரியாது. பாரத்தில் 'இல்லை' என்று போட்டது மட்டும் தெரியுமா என்ன?

பயிற்றுநரிடம் சொல்லி என் முதல் பாடத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இருவரும் மறுபடி படகேறினோம். குவாலா பெசுட்டிலிருந்து ஜெர்தே. கிளினிக்கில் வயதான டாக்டரம்மா. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து நீண்ட நேரம் கேட்டார். கடைசியாக எப்போது இன்ஹேலர் அடித்தாய் என்றார். வாத்து மாதத்தோடு சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆஸ்துமா உள்ளவர்கள் முக்குளிக்கவே கூடாது என்றில்லை, நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்து, பெரிய மருத்துவமனையில் நுரையீரல் சோதனை செய்து, அது சரியாக இருந்தால் பார்க்கலாம். ஆனால் இன்றைக்கு, இந்த அறையில், என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். 40 ரிங்கிட் கட்டணம். வாத்து நன்றி சொல்லிவிட்டு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கடைசிப் படகும் போயிருந்தது. குவாலா பெசுட்டில் மலிவான ஓர் அறையில் தங்கினோம். ராத்திரி கெரோப்போக் லெக்கோர் தின்றுகொண்டே, "அம்மாவோட ஜோசியர் ஜெயிச்சிட்டாரு" என்றாள். சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. நான் கதவைத் தட்டவில்லை.

மறுநாளிலிருந்து நான் கீழே, அவள் மேலே. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றவர்களிடம் அவர்களுடைய நிபந்தனைத் தாளையே எடுத்துக்காட்டிப் பாதியை வாங்கிவிட்டாள். அந்தப் பணத்தில் ஸ்நோர்க்கலும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வழிகாட்டி ஒருவரோடு எங்கள் படகிலேயே ஏறினாள்.

கடலுக்கடியில் பேச்சில்லை. எல்லாம் கைதான். கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம். எங்கள் குழுவில் இருந்த பினாங்குப் பையன் ஒரு நெமோ மீனைக் கண்ட சந்தோஷத்தில் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்ட, பயிற்றுநர் பதறிப்போய் எங்கள் எல்லாரையும் மேலே கூட்டிவந்துவிட்டார். மாஸ்க்கில் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றவேண்டும். வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, மெல்லக் குமிழி விட்டுக்கொண்டே திரும்பத் தேடி எடுக்கவேண்டும். எனக்கு முதல் தடவை மாஸ்க் நிறைந்தபோது உடம்பில் ஒவ்வொரு மயிரும் மேலே ஓடு என்றது. அண்ணாந்து பார்த்தேன். வெள்ளி மாதிரிப் பளபளத்த கூரையில் ஆரஞ்சாக ஒரு பொட்டு, கீழ்நோக்கி முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஊதினேன். தண்ணீர் இறங்கியது.

நம் மொழியில் 'குளி' என்றால் மூழ்குதல். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்பதெல்லாம் அதுதான். மன்னார் வளைகுடாவில் டேங்க் எதுவும் இல்லாமல், காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்ததும் இழுக்கவேண்டும், ஒரு கணம் அசந்தால் போச்சு. அதனால் மனைவியின் அண்ணனையோ தம்பியையோதான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று ஊரில் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கச்சி தாலி அவன் கையில். முத்தைப் பற்றி எவ்வளவோ பாட்டு இருக்கிறது. கயிறு பிடித்தவனைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள்.

மூன்றாம் முறை இறங்கி மேலே வந்து படகில் உட்கார்ந்திருந்தபோது வாத்துவிடம் கேட்டேன், "சும்மா மெதந்துகிட்டு இருந்தியே, போரடிக்கலயா?"

"ஒன்னோட முட்டை வந்துகிட்டே இருந்துச்சி. வயித்துல வந்து வந்து ஒடையும், கூசும். நடுவுல ஒருவாட்டி கொஞ்ச நேரம் வரல. எண்ணிக்கிட்டு இருந்தேன். ஏழு வரைக்கும் எண்ணுனேன், வந்துருச்சி."

ரெகுலேட்டரைத் தேடிய நேரமாக இருக்கவேண்டும். ஏழுக்குப் பிறகு என்ன செய்திருப்பாய் என்று நான் கேட்கவில்லை.

தோக்கோங் லாவுட் என்ற பாறைத் திட்டில் கடைசி முக்குளிப்பு. தோக்கோங் என்றால் கோவில், கடலுக்குள் ஒரு கோவில். எங்களுக்கு அனுமதி 18 மீட்டர் வரைதான். அங்கே எல்லாம் நீலமும் சாம்பலுமாக இருந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சில மீட்டர்களிலேயே சிவப்பு மங்கிப்போகும், டார்ச் அடித்தால்தான் பவளத்தின் உண்மை நிறம் தெரியும். நான் அழுத்தமானியையும் ஆழமானியையும் பயிற்றுநர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததில் மீன்களைக் கொஞ்சம்தான் பார்த்தேன். அதே நேரத்தில் மேலே, எல்லா நிறமும் உள்ள தண்ணீரில், வாத்துவுக்குக் கையெட்டும் தூரத்தில் ஓர் ஆமை வந்து தலையை நீட்டியிருக்கிறது.

"அதுக்கும் மூச்சுதான்டி. மேல வந்து வாங்கிட்டுப் போவுது. டாக்டர் கையெழுத்தெல்லாம் கேக்கல."

கரையேறியதும் புதிய வினை. முக்குளித்தபின் உடம்பில் நைட்ரஜன் கரைந்து கிடக்கும், மெல்ல மெல்லத்தான் வெளியேறும். பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உயரமான மலைச்சாலையும் அப்படித்தான். எங்கள் ராத்திரிப் பேருந்து கெந்திங் செம்பா மேட்டைத் தாண்டித்தான் கோலாலம்பூரில் இறங்கவேண்டும். நேரத்தைக் கூட்டிப் பார்த்த பயிற்றுநர், நாளை ராத்திரி போங்கள் என்றார். வாங்கிய டிக்கெட் வீண். மறுபடி குவாலா பெசுட், மறுபடி அதே அறை, மறுபடி கெரோப்போக்.

வாத்துவின் கைப்பேசி அடித்தது. அம்மா. அவள் என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோர்ஸ் முடிஞ்சிச்சா? ஏன் இன்னிக்கு வரல?"

"நான் கடல்ல மெதந்தேம்மா. நாலு நாளா. ஆமையப் பாத்தேன்."

எதிர்முனையில் சத்தமே இல்லை. தொலைக்காட்சியில் நாடகம் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு, "தலை தொவட்டினியா?" என்றார்.

"தொவட்டிட்டேன்."

"அப்ப ஏன் வரல? பஸ்ஸு இல்லையா?"

"இவள மலை மேல கூட்டிக்கிட்டுப் போகக்கூடாதாம்மா. இவளுக்கு மலையில கண்டமாம்."

"ஐயையோ. யாரு சொன்னது?"

"பாரத்துல போட்டிருக்கு."

போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். பத்தாங் காலி கோவிலில் எனக்கு ஓர் அர்ச்சனை போட்டுவிடுவதாகச் சொல்லி, நட்சத்திரம் கேட்டார்.