‘ஒண்ணும் ஆகாது’ என்கிறதா மனசு? பசியாவரம் கரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள்!

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் சென்னையிலிருந்து பைக்குகளும் கார்களும் வரிசை கட்டும். வறுத்த மீன், இறால், ஏரிக்கரை செல்ஃபி என ஒருநாள் பயணத்துக்கு வேண்டிய எல்லாம் உண்டு.

கரையில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் தெரிகிற மீனவ கிராமம்தான் பசியாவரம். பாலம் இல்லாத காலமெல்லாம் பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி என எதற்கும் இந்த ஊர் மக்களுக்குப் படகுதான். பஸ் ஏறுவதுபோல தினமும் படகு ஏறியவர்கள். ஆனால், தண்ணீரை அவர்கள் சாதாரணமாக நினைப்பதில்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கே தனித்தனிப் பெயர் வைத்திருப்பவர்கள் மீனவர்கள். காற்று திசை மாறினாலோ, நீரோட்டம் வேகமெடுத்தாலோ பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கவனிப்பார்கள்.

வெளியூர்க்காரர் கண்ணுக்கு இந்த ஏரி வேறு மாதிரி தெரியும். அலை இல்லை. பல இடங்களில் ஓர் ஆள் உயரம்கூட ஆழம் இல்லை. தண்ணீருக்குள் இறங்கி நின்று வலை வீசுபவர்களைப் பார்க்கிறோம். ‘இடுப்பளவு தண்ணிதானே’ என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கதை வேறு. கடல்நீர் ஏறி இறங்கும்போது அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் மொத்தத் தண்ணீரும் போய்வர வேண்டும். இழுவை பலமாக இருக்கும். மணல்திட்டுகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

2011, டிசம்பர் 25

கிறிஸ்துமஸ் விடுமுறை. உறவினர்களாகச் சேர்ந்து பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள். படகில் அளவுக்கு அதிகமான கூட்டம். உயிர்காக்கும் மிதவை அங்கி இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகும் சவாரி நடப்பதாகச் செய்திகள் வந்தன.

இது பழவேற்காட்டோடு முடிந்த கதை இல்லை. 2009 செப்டம்பரில் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் ஒதுங்கியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7-ம் தேதி கேரளாவின் தானூரில், கூட்டம் ஏற்றிய படகு கவிழ்ந்தது. அங்கும் இறந்தவர்கள் 22 பேர்.

படகு ஓட்டுபவர்களுக்கும் அனுமதி கொடுப்பவர்களுக்கும் பெரிய பொறுப்பு இருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கி இல்லாத படகில் கால் வைக்கும் அந்த நொடியில், முடிவு நம் கையில்தான் இருக்கிறது.

மனசு சொல்லும் நான்கு சமாதானங்கள்

ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போவதில்லை. தெரிந்ததை நாமே மூடி மறைக்கிறோம். அதற்கு மனசு வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் இவை:

‘எல்லாரும்தானே போறாங்க.’

‘இந்த ஒரு தடவைதானே.’

‘இவ்வளவு தூரம் வந்துட்டோம்.’

‘ஒண்ணும் ஆகாது.’

ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துவிட்டு பைக் ஓட்டும்போதும், நெஞ்சுவலியை ‘கேஸ்’ என்று தள்ளிப்போடும்போதும் இதே வார்த்தைகள்தான் வருகின்றன. இந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மனசு சமாதானம் சொல்ல ஆரம்பித்தாலே, அது ஏதோ ஒன்றைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். பயமே இல்லாத இடத்தில் ‘ஒண்ணும் ஆகாது’ என்று யாரும் சொல்வதில்லை. அந்த வார்த்தை வாயில் வந்ததும் நின்று, எதைப் பார்த்து அப்படிச் சொன்னோம் என்று தேட வேண்டும்.

கல்லில் செதுக்கிய நினைவூட்டல்

டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை சிதைந்துவிட்டது. தொல்லியல் துறை பாதுகாக்கும் அவர்களின் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றின் தலைமேல் மணல் கடிகாரம். காலம் கரைகிறது என்பதை உள்ளே வருகிறவர்களுக்கு நினைவுபடுத்த வைத்தது. பலரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பழவேற்காட்டுக்கு அவசியம் போய்வாருங்கள். பூநாரைகளைக் கரையிலிருந்தே பாருங்கள்; ஒரு பைனாகுலர் போதும். மீன் வாங்குங்கள், மீனவர்களிடம் பேசுங்கள். அவர்கள் ‘இன்னைக்குக் காத்து சரியில்ல’ என்றால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளும் கூடவே கேட்கட்டும்.