மார்கழித் தண்ணீர்

டெவலப்பர் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நிமிடக் கணக்கெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குப் போட்டது. சென்னைக் குழாயில் அந்த 20 வந்ததே கிடையாது. மார்கழி விடியற்காலையில் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். குற்றாலத்துக்கு ஆனி, ஆடி என்றால், அந்த நாளில் வீட்டில் பிலிம் கழுவிய எங்களுக்கு மார்கழிதான் சீசன். அதுவரை எடுத்த ரோல்களைச் சேர்த்து வைத்திருந்து, ஊரே கோலம் போடுகிற நேரத்தில் குளியலறையில் நின்றுகொண்டிருப்போம்.

சித்திரை, வைகாசி பாடுதான் பெரும்பாடு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது வெந்நீர். டெவலப்பர் பாட்டிலைப் பக்கெட்டில் நிறுத்திச் சுற்றிலும் ஐஸ் போட்டால் சட்டென்று 17க்கு இறங்கிவிடும்; எடுத்து வெளியே வைத்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் 23. மண்பானைத் தண்ணீர்தான் சொன்ன பேச்சு கேட்கும். டெவலப்பரை மட்டும் குளிர வைத்தாலும் போதாது. பிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் சூட்டில் உப்பும். ஒரு கரைசலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சூடு ரொம்ப மாறினால் படம் முழுக்க நுண்ணிய சுருக்கம் விழுந்துவிடும். அதனால்தான் படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போ கரைசலில் படிகாரம் சேர்ப்பது. சலூனில் ஷேவ் செய்ததும் முகத்தில் தேய்க்கும் அதே படிகாரம்தான் ஜெலட்டினையும் இறுக்கிப் பிடிக்கிறது.

எந்த பிலிம் வாங்குவது என்பது அப்போதெல்லாம் ஒரு மாதப் பேச்சு. கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் நகரத்திலிருந்து ஓர்வோ என்பி 22 வரும், 125 ஏஎஸ்ஏ. நம்மூர் வெயிலுக்கு அது தாராளம். அப்பர்ச்சர் 16, ஷட்டர் 125 என்று வைத்துவிட்டால் மீட்டரே வேண்டாம். கோயில் பிராகாரத்துக்கும் கல்யாண வீட்டுச் சமையல்கட்டுக்கும் 400 வேண்டும். கோடக் ட்ரை-எக்ஸ், இல்ஃபோர்ட் எச்பி5 எல்லாம் ஆசைப்பட்டுப் பார்க்கிற சரக்கு. யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் கைக்கு வரும். மலிவாக வேண்டுமென்றால் 100 அடி டின்னாக வாங்கி, இருட்டில் பழைய கேசட்டுகளில் நாமே சுற்றிக்கொள்ளலாம். 36 படம் பிடிக்கிற ரோல் 18 வரை தேறும்.

அப்புறம் ஊட்டி பிலிம். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம்; பிரான்ஸ் நாட்டு பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்திக்கு வந்தது. பிலிமுக்கு இந்து என்று பெயர். கறுப்பு-வெள்ளை ரோலிலிருந்து ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வரை அங்கே செய்தார்கள். ஓர்வோவா இந்துவா என்று நண்பர்களுக்குள் சண்டையே நடக்கும். நான் ஊட்டிக் கட்சி. நீலகிரிக் குளிரில் பூச்சு பூசிய பிலிம், மேட்டுப்பாளையம் இறங்கி நம் வெயிலுக்குள் வந்து, என் குளியலறையில் மறுபடி ஐஸுக்கு ஏங்கி நிற்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். 1990களில் அந்த ஆலை நலிந்து, பிறகு மூடியே போனது.

ரோலை டெவலப் செய்கிற சின்னத் தொட்டிக்குள் ஏற்ற முழு இருட்டு வேண்டும். பிரிண்ட் போடும்போது எரிகிற சிவப்பு விளக்கு கூட பிலிமுக்கு ஆகாது. தெருவே சபிக்கிற கரண்ட் கட்டுக்காகக் காத்திருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். தெருவிளக்கு அணைந்ததும் உள்ளே போய், கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, சோடா ஓப்பனரால் கேசட் மூடியை நெம்பி, பிலிமின் நாக்கைக் கத்தரித்து, ரீலில் ஏற்ற வேண்டும். வேர்த்த விரல் பட்டால் பிளாஸ்டிக் ரீலில் பாதியில் ஒட்டிக்கொண்டு அசையாது. அப்போது பார்த்து அம்மா வெளியிலிருந்து, “டேய், இன்னும் எவ்வளவு நேரம்? அப்பா குளிக்கணும்!” என்பாள். பதில் சொன்னால் கவனம் போய்விடும். தொட்டி மூடியை இறுக்கிவிட்டால் அப்புறம் பட்டப்பகலில் வேலை செய்யலாம்.

டி-76 டெவலப்பரை நாங்களே கலந்தோம். பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் எல்லாம் பொட்டலமாகக் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, வெண்காரம் 2. முதலில் மெட்டாலைப் போட வேண்டும்; சல்ஃபைட் முழுவதையும் முந்திப் போட்டுவிட்டால் மெட்டால் கரையவே கரையாது. கோடக்காரர்கள் 1920களில் கண்ட கணக்கு, இன்றைக்கும் மாறவில்லை. ஒரு பனியன் விடாமல் பழுப்புக் கறை. பழைய ஹைப்போவில் வெள்ளி இருக்கிறதென்று ஸ்டூடியோக்காரர்கள் விற்பார்கள். எங்களுடையது சாக்கடைக்குத்தான் போனது.

இப்போது எச்பி5 ஆன்லைனில் வீட்டுக்கே வருகிறது. ஏசி அறையில் இரவு முழுக்க வைத்த பாட்டில் 20க்குப் பக்கத்தில் நிற்கிறது. இளைஞர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள், சொல்லித் தருகிறேன். நெகட்டிவ் பழுதில்லாமல் வருகிறது. எனக்குத்தான் அதில் மனசு ஒட்டவில்லை. ஊட்டி ரோலும் மண்பானையும் இல்லாமல், எந்த மாதத்திலும் ஒரே மாதிரி வருகிற படத்தை என்ன செய்வது?

என் பழைய நெகட்டிவ் உறைகளில் தேதி கிடையாது, வேண்டியதும் இல்லை. மார்கழியில் கழுவியது சாம்பல் சாம்பலாக இழைந்து வந்திருக்கும். சூட்டில் கழுவியது பரல் தடித்து, வெள்ளையெல்லாம் வெளுத்து நிற்கும். அண்ணன் மகனுக்குக் காது குத்தியது தை மாதம். அவசரப்பட்டு நான் கழுவியது சித்திரையில். அத்தையின் வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்பு தெரியாது. அந்தப் படத்தை எப்போது எடுத்துக் காட்டினாலும், “நான் கட்டியிருந்தது பட்டுடா” என்று அத்தை இன்னும் சண்டைக்கு வருகிறாள்.