ஐசே என்று அழைத்த குரல்

எமது பத்திரிகையில் ஒப்புநோக்காளராகப் பணியாற்றிய பெரியவர் எவரையும் பெயர் சொல்லி அழைத்தறியார். ஆசிரியர் முதல் அச்சுக்கோப்பாளர் வரை அனைவரும் அவருக்கு 'ஐசே'தான். பாரிசவாதம் தாக்கிய பின் அவரைப் பார்க்கச் சென்றேன். 'அ' என்றார், வெகுநேரம் இழுத்து 'இ' என்றார். குரல் என்னவோ பழைய வெண்கலக் குரல்தான். தண்ணீர் கேட்கிறார் என எண்ணிக் குவளையை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில வாரங்களில் காலமானார்.

பல ஆண்டுகளின் பின், அண்மையில் என் மருமகனின் இசையறையில் மோர்ஃபியஸ் என்ற சிந்தசைசரைக் கண்டேன். கலிபோர்னியாவின் ஈ-மு நிறுவனம் 1993இல் வெளியிட்ட கருவி அது. அதன் வடிகட்டிகள் டேவ் ரொஸ்ஸம் என்ற பொறியியலாளரின் ஆக்கம்.

வடிகட்டி தானாக ஒலி எதையும் பிறப்பிப்பதில்லை. வருகின்ற ஒலியில் சில மீடிறன்களைத் தணித்து, வேறு சிலவற்றை ஓங்கச் செய்கிறது. அந்த ஓங்கலைத்தான் நாம் பாடசாலையில் பரிவு என்று படித்தோம். நமது வாயும் அவ்வாறே. குரல்நாண்களின் அதிர்வு ஒன்றாக இருக்க, நாவும் உதடும் வாயறையின் வடிவை மாற்றுவதால் பரிவு முகடுகள் இடம்பெயர்கின்றன. வயதுவந்த ஆணின் 'ஆ'வில் முதலிரு முகடுகளும் ஏறத்தாழ 700, 1100 ஹேர்ட்ஸ் அளவில் நெருங்கி நிற்கும். 'ஈ'யில் அவை 300, 2300 என விலகிவிடும்.

மூக் சிந்தசைசரின் புகழ்பெற்ற வடிகட்டியில் ஓங்கும் முகடு ஒன்றே. மோர்ஃபியஸின் 14 முனைவு வடிகட்டியிலோ பல முகடுகள் ஒருங்கே நகரக்கூடும்.

மருமகன் முதலில் இரு ஒலிகளைக் கலந்து காட்டினான். 'ஆ' தேய, 'ஈ' வளர்ந்தது. இருவர் ஒரே நேரத்தில் பேசுவது போலிருந்தது. அடுத்து, விசைப்பலகையின் சக்கரத்தைத் தள்ளி வடிகட்டியை உருமாற்றினான். இம்முறை முகடுகளே இடைப்பட்ட மீடிறன்களையெல்லாம் கடந்து சென்றன. ஒரே வாய் திறந்து ஒடுங்குவது போல், 'ஐ' என்றது இயந்திரம். அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐகாரம் என்று வகுப்பில் பண்டிதர் சொல்லித்தந்தது நினைவுக்கு வந்தது. அந்தச் சேர்க்கை ஒரு நகர்வு என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னும் மெதுவாகத் தள்ளு, தம்பி" என்றேன்.

'அ' என்று தொடங்கிய ஒலி நடுவில் எங்கோ தங்கித் தயங்கி 'இ'யை அடைந்தது. அன்று கட்டிலருகே நான் கேட்ட ஒலி அதுதான். பெரியவரின் குரல் பழுதுபடவில்லை. இரு வடிவங்களுக்கிடையே நாவை உரிய வேகத்தில் நகர்த்தும் ஆற்றலே அவரை விட்டுப் போயிருந்தது.

அவர் தண்ணீர் கேட்கவில்லை. என்னை அழைத்திருக்கிறார்.