ஒரு மூடை நெல்

இந்தக் கல்லூரியில் உயர்தர வணிகப் பிரிவில் படித்து வெளியேறி 16 வருடங்களுக்குப் பிறகு, 35 வயதில், நான் மீண்டும் மாணவியானேன். பகுதிநேரக் கணக்கியல் டிப்ளோமா. வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் பிள்ளைகள். "ராத்தா" என்று கூப்பிட்டு என் குறிப்புக் கொப்பியைக் கடன் கேட்பார்கள்.

பாடங்கள் முடிய ஆறு மாத வேலைத்தளப் பயிற்சி. கல்முனைப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் இடம் கிடைத்தது. சம்பளம் இல்லை, பஸ் காசு மட்டும். "இந்த வயசில மில்லுக்கா?" என்று மாமி ஒரு தடவை கேட்டார். பிறகு என் மகளுக்குத் தலை பின்னிவிடும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார்.

நாவிதன்வெளிக்காரருக்குக் கிட்டங்கித் தாம்போதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜனவரியில், பயிற்சி தொடங்கிய முதல் வாரமே அதற்கு மேலால் தண்ணீர். இரண்டு நாள் போக முடியவில்லை. மூன்றாம் நாள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் கடந்தேன்.

அறுவடை தொடங்கியதும் களஞ்சியப் பேரேடு என் கைக்கு வந்தது. ஒரு தொகுதி நெல் 10,000 கிலோ, ஈரப்பதன் 18 வீதம். களத்தில் காயவைத்து 14 வீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். 18 இல் 4 போனால் 14. ஆகவே 400 கிலோ குறையும், 9,600 கிலோ இருக்க வேண்டும் என்று எழுதினேன். நிறுத்துப் பார்த்தால் 9,530. எழுபது கிலோ, ஏறக்குறைய ஒரு மூடை, இல்லை. சிவப்பு மையால் 'குறைவு' என்று எழுதி முதலாளியின் மேசையில் வைத்தேன். களவைப் பிடித்துவிட்ட பெருமையும் எனக்கு இருந்தது. அதை மறைக்கக்கூடாது.

பின்னேரம் களஞ்சியத்துக்குப் பொறுப்பான காக்காவைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் விசாரித்தார்கள். இருபது வருடமாக அங்கே வேலை செய்பவர். வெளியே வந்தவர் என்னோடு கோபிக்கவில்லை. "மகள், காத்தோட போன ஈரத்துக்கு நான் எங்க போற? உங்கட வாப்பாவும் வெள்ளாமைக்காரர்தானே, கேட்டுப் பாருங்க" என்றார்.

அன்று இரவு வாப்பாவிடம் கேட்டேன். "காய்ஞ்ச நெல்லுக்குள்ளயும் தண்ணி இருக்கு" என்றார், அவ்வளவுதான். கொப்பியை எடுத்தேன். 10,000 கிலோவில் 18 வீதம் தண்ணீர் என்றால் தண்ணீரல்லாத பங்கு 8,200 கிலோ. எவ்வளவு காய்ந்தாலும் அது குறையாது. காய்ந்த பிறகு அந்த 8,200 தான் மொத்த நிறையில் 86 வீதம். 8,200 ஐ 0.86 ஆல் வகுத்தால் 9,535. மிச்சம் ஐந்து கிலோ தூசியும் சிந்தலும். மூடை எங்கேயும் போகவில்லை. வீதத்தை வீதத்திலிருந்து கழித்த என் கணக்குத்தான் பிழை. வீதக் கணக்கில் நான் எப்போதும் முழுப்புள்ளி வாங்கியவள். ஆனால் பரீட்சைத்தாளில் பிழைவிட்டால் எனக்குத்தான் புள்ளி குறையும், இன்னொருவரின் நேர்மை குறையாது.

2017 இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில் தொழிற்பாடம் எடுக்கும் பிள்ளைகளும் வேலைத்தளப் பயிற்சிக்குப் போக வேண்டும். பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்று என்னிடம் கேட்ட தாய்மார் உண்டு. யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று போய் விசாரியுங்கள், அது உங்கள் உரிமை. என் மகளை நான் அனுப்புவேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். எல்லோருக்கும் முன்னால் அவரை விசாரித்தபடியால், எல்லோருக்கும் முன்னாலேயே என் பிழையைச் சொன்னேன். கை நடுங்கியது. முதலாளி சிரித்துவிட்டுப் பேரேட்டைத் திருப்பித் தந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காக்கா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அந்த வகுத்தலை ஒரு தாளில பெரிசா எழுதித் தாங்க மகள்" என்றார். "நீங்க ஆறு மாசத்தில போயிருவீங்க. அடுத்த கணக்குப்பிள்ளைக்கும் காட்டணுமே."

எழுதிக் கொடுத்தேன். தராசுக்கு மேலே, சுவரில் ஒட்டினார்.